ஏழாவது அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன்



கொஞ்சம் நீளமான பதிவு இது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பிக்காதீர்கள். சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

டீச்சர் நாவல் எழுதுகிறார் என்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. பொங்கலுக்கு வந்த அண்ணன் மகள், "அத்தை, அதுல நான் வரேனா?" என்று கேட்டாள். சென்னையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன் செய்து, "டீச்சர், என்னைப் பத்தி எழுதினா பேரை மாத்திப் போடுங்க, என் வீட்டுக்காரி படிப்பா" என்றான். நாலாம் வகுப்பில் அவன் செய்த சேட்டைகளை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. என் தம்பி மட்டும் சிரிக்காமல் கேட்டான். "எதுக்குக்கா இந்த வயசுல வேண்டாத வேலை? பென்ஷன் வருது, பேரப் பிள்ளைங்க இருக்குது. பழசையெல்லாம் கிளறி நாலு பேர் பேசவா?"

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். சொந்த வாழ்க்கையை வைத்து முதல் நாவல் எழுத உட்காருகிற ஒருவர் எதையெல்லாம் மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று இந்த இரண்டு வருடத்தில் எனக்கு ஒரு முடிவு ஏற்பட்டிருக்கிறது. அந்தப் பாடத்தை எனக்கு நடத்தியது உங்களில் ஒருத்தி.

2019இல் ஓய்வு பெற்றேன். 36 வருடம் தினமும் காலையில் பஸ்ஸுக்கு ஓடிய உடம்பு, திடீரென்று ஒரு நாள் ஓட வேண்டாம் என்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. அடுத்த வருடமே கொரோனா. வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில்தான் பழைய நோட்டு ஒன்றை எடுத்து ஏதேதோ எழுத ஆரம்பித்தேன். முதலில் எழுதியது நம் மதுராந்தகம் ஏரியைப் பற்றி. மழைக் காலத்தில் கலங்கல் தாண்டித் தண்ணீர் விழுகிற சத்தம், கிளியாற்றில் வெள்ளம் வந்தால் ஊரே போய் வேடிக்கை பார்த்தது, வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள் சாயங்காலம் தலைக்கு மேலே போகும்போது எங்கள் அம்மா துணி எடுக்க மாடிக்கு ஓடியது. இப்படியே நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். அப்புறம்தான் இது ஒரு கதையாக வரும் என்று தோன்றியது. ஒரு பெண் ஆசிரியர் பயிற்சி முடித்து, உள்ளடங்கிய ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளிக்கு வேலைக்குப் போகிறாள். அங்கேயிருந்து கதை தொடங்குகிறது. அந்தப் பெண் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"என் வாழ்க்கையில எழுதறதுக்கு என்ன இருக்கு?" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. நானும் சொன்னவள்தான். நாவல் எழுத பெரிய படிப்பு வேண்டும், பெரிய சம்பவம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோப்பில் முகமது மீரான் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தவர். தான் பிறந்த தேங்காய்ப்பட்டினத்தை வைத்து அவர் எழுதிய முதல் நாவல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 44. துவரங்குறிச்சி சல்மாவைச் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குள் இருந்த பெண்களின் வாழ்க்கையைத்தான் அவர் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்று 2004இல் நாவலாகக் கொடுத்தார். வத்தல் மூட்டைக்கு நடுவிலும், பூட்டிய கதவுக்குப் பின்னாலும் நாவலுக்கான சரக்கு இருந்திருக்கிறது. கரும்பலகைக்கு முன்னால் மட்டும் இல்லாமல் போகுமா?

ஆகவே, எழுதலாமா என்று கேட்கிற மாணவர்களுக்கு என் பதில் இதுதான். தாராளமாக எழுதுங்கள். உங்கள் தெரு போதும், உங்கள் வீட்டுத் திண்ணை போதும்.

ஆனால் எழுத உட்கார்ந்த பிறகுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

நம் வாழ்க்கை என்று நாம் சொல்வதில் பாதி அடுத்தவர் வாழ்க்கை. அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், பக்கத்து வீட்டார், கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் நம்மைக் கேட்காமலே அதற்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். என் அக்காவின் கல்யாணத்தைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதியிருந்தேன். அழுதுகொண்டே எழுதினேன், நன்றாகவும் வந்திருந்தது. அதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்கடி. ஆனா இது என்னுது. நான் செத்த பிறகு வேணா போட்டுக்கோ" என்றாள். அன்றைக்கே அந்தப் பக்கங்களைத் தனியாகப் பிரித்து, உறையில் போட்டு அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அடுத்தவர் பட்ட காயத்தை எழுத அவரைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். நாவல் அதனால் மெலிந்தாலும் பரவாயில்லை. தம்பிக்கு இதில் பாதிப் பதில் கிடைத்திருக்கும்.

அப்படியானால் பெயரை மாற்றி, ஊரை மாற்றி, நடக்காததை நடந்ததாக எழுதலாமா? எழுதலாம். நாவல் என்றால் அதற்குத்தானே. இதற்கு டால்ஸ்டாய் ஒரு நல்ல உதாரணம். அவருடைய முதல் நாவலின் பெயர் 'குழந்தைப் பருவம்'. 1852இல் ஒரு பத்திரிகையில் வந்தது. அப்போது அவருக்கு 24 வயது. பத்திரிகைக்காரர்கள் அந்தத் தலைப்பை 'என் குழந்தைப் பருவத்தின் கதை' என்று மாற்றிப் போட்டுவிட்டார்கள். டால்ஸ்டாய்க்குக் கோபம் வந்துவிட்டது. என் கதை என்று யார் சொன்னது என்று வருத்தப்பட்டுக் கடிதம் எழுதினார். அந்த நாவலில் வரும் சிறுவனுக்குப் பத்து வயது இருக்கும்போது அவன் அம்மா இறந்துபோகிறாள். டால்ஸ்டாயின் அம்மாவோ அவருக்கு இரண்டு வயது முடிவதற்குள்ளேயே இறந்துவிட்டார். அம்மாவின் முகம்கூட ஞாபகம் இருக்க நியாயமில்லை. தனக்குக் கிடைக்காத எட்டு வருட அம்மாவை அவர் எழுதி உண்டாக்கிக்கொண்டார். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இதையெல்லாம் படித்து வைத்திருந்ததால் எனக்கும் தைரியம் வந்துவிட்டது. நடக்காததை நானும் எழுதினேன். அதுதான் ஏழாவது அத்தியாயம்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது 1983இல். பள்ளியின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 1982 ஜூலை 1ஆம் தேதி அது ஆரம்பமானது. மத்தியானம் மணி அடித்ததும் பிள்ளைகள் அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடும். ஊர்ப் பிள்ளைகள் பள்ளித் தாழ்வாரத்தில் வரிசையாக உட்காரும். காலனிப் பிள்ளைகள் வெளியே புங்கமரத்தடியில் உட்காரும். யாரும் அவர்களை அங்கே போ, இங்கே போ என்று விரட்டி நான் பார்த்ததில்லை. தானாகவே பிரிந்து உட்கார்ந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தை, நான் 'அ' எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னாலேயே, தன் இடம் எது என்று தெரிந்து வைத்திருந்தது. மழை வந்தால் காலனிப் பிள்ளைகள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்று சாப்பிடுவார்கள்.

என் நாவலில் வரும் இளம் டீச்சர் இதைப் பார்க்கிறாள், கொதித்துப் போகிறாள். தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சாப்பிடுகிறாள். மறுநாள் எல்லாரையும் தாழ்வாரத்தில் ஒரே பந்தியாக உட்கார வைக்கிறாள். ஊர்ப் பெரியவர் சண்டைக்கு வருகிறார். அவருக்கு டீச்சர் சொல்லும் பதில் மட்டும் இரண்டு பக்கம் இருக்கும். சினிமாவாக இருந்தால் விசில் பறந்திருக்கும். எழுதி முடித்த அன்று எனக்கே உடம்பு சிலிர்த்தது.

என் கையெழுத்தில் இருந்த நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாக ஒரு பழைய மாணவி முன்வந்தாள். அந்த முதல் பள்ளியில் என்னிடம் நாலாவதும் ஐந்தாவதும் படித்தவள். இப்போது நர்ஸாக இருக்கிறாள். எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருவாள். "உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா டீச்சர்? நான் படிக்கப் படிக்க என் பொண்ணு டைப் அடிச்சிடுவா" என்றாள். இந்தப் பதிவை எழுத அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று சொன்னாள்.

ஆறு அத்தியாயம் மளமளவென்று முடிந்தது. ஏழாவதுக்கு வந்ததும் இரண்டு வாரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வந்தாள். பிரஷர் பார்த்தாள், மாத்திரையைச் சரிபார்த்தாள். கிளம்புகிற நேரத்தில்தான் பேச்சை எடுத்தாள்.

"டீச்சர், எல்லாரையும் ஒரே பந்தியில உட்கார வெக்கறாங்களே, அது எந்த வருஷம் டீச்சர்?"

எனக்குச் சுருக்கென்றது. "கதைம்மா அது. கதைன்னா அப்படித்தான்" என்றேன்.

"சரி டீச்சர்" என்றாள். கொஞ்ச நேரம் நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டு இருந்தாள். பிறகு சொன்னாள். "நான் அஞ்சாவது முடிச்சுப் போற வரைக்கும் மரத்தடியிலதான் சாப்பிட்டேன்னு என் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கேன். இதை டைப் அடிக்கும்போது அவ கேக்கறா, 'அம்மா, உங்க டீச்சரே வேற மாதிரி எழுதியிருக்காங்களே, நீ ஏன் அப்படிச் சொன்னே?'ன்னு. நான் அவளுக்கு என்ன சொல்லட்டும் டீச்சர்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே வழி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அவள் போன பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகளே, நடந்ததை இப்போது சொல்கிறேன். நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பள்ளியில் ஆறு வருடம் இருந்தேன். ஆறு வருடமும் மத்தியான மணி அடித்ததும் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போய், தாழ்வாரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். புது வேலை, மாற்றல் பயம், அந்த ஊரிலேயே ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தது, எல்லாம் உண்மைதான். "ஊர் விவகாரத்துல தலையிடாதே, போனோமா வந்தோமான்னு இரு" என்று எங்கள் அப்பா சொல்லி அனுப்பியதும் உண்மைதான். இத்தனை காரணமும் மரத்தடியில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு என்ன பிரயோசனம்? நம் பாடப்புத்தகத்தில் தீண்டாமை பாவம், குற்றம் என்று முன்பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை உங்களில் எத்தனை பேரை எழுப்பி விட்டு உரக்கப் படிக்க வைத்திருக்கிறேன்!

அடுத்த முறை அவள் வந்தபோது, "நீயே சொல்லும்மா, வேற என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். முதலில் தயங்கினாள். பிறகு, "டீத் தூக்கு டீச்சர்" என்றாள்.

பதினோரு மணி இடைவேளைக்கு முக்குக் கடையிலிருந்து டீ வாங்கிவர ஒரு பிள்ளையை அனுப்புவேன். அலமாரியிலிருந்து நான் தூக்கை எடுத்ததும் "நான் போறேன் டீச்சர், நான் போறேன் டீச்சர்" என்று பத்துப் பிள்ளைகள் எழுந்து நிற்கும். வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவள் அவள். அவளும் எழுந்து நிற்பாளாம், தினமும். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட ஒரு காலனிப் பிள்ளையின் கையில் நான் அந்தத் தூக்கைக் கொடுத்ததில்லை.

இது எனக்கு மறந்தே போயிருந்தது. பந்தி விஷயத்திலாவது ஊரைக் கைகாட்டலாம், அப்பாவைக் கைகாட்டலாம். இதில் யாரைக் காட்டுவது? தூக்கு என் கையில்தானே இருந்தது.

இங்கேதான் எனக்கு டால்ஸ்டாயின் அம்மாவுக்கும் என் நாவலின் வீரத்துக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. அவர் தனக்கு இல்லாத அம்மாவைக் கதைக்குள் கொண்டுவந்தார். அதனால் வேறு ஒருவர் பட்ட கஷ்டம் எதுவும் மறைந்துபோகவில்லை. நான் எனக்கு இல்லாத தைரியத்தைக் கொண்டுவந்தேன். அது வந்த உடனே, மரத்தடியில் ஒரு பெண் குழந்தை சாப்பிட்ட ஐந்து வருடம் காணாமல் போய்விட்டது. அதோடு நிற்கவில்லை. அவள் தன் மகளிடம் சொன்ன உண்மை, டீச்சரின் எழுத்துக்கு முன்னால் பொய்யாகிவிட்டது. அச்சில் வந்துவிட்டால் எதை நம்புவார்கள்? அவள் வாய்ச்சொல்லையா, என் புத்தகத்தையா?

அதனால் என் கருத்து இது. சொந்த வாழ்க்கையை நாவலாக்குகிறவர் பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், ஆற்றைக் கடலாக்கலாம், இறந்தவரைப் பிழைக்க வைக்கலாம். தான் செய்த தவறை மட்டும் நல்ல காரியமாக மாற்றக் கூடாது. அதை எழுத முடியவில்லையா, அந்த அத்தியாயமே வேண்டாம் என்று விட்டுவிடலாம். ஒன்றை மாற்றும்போது, இதனால் லாபம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். கதைக்கு லாபம் என்றால் மாற்றுங்கள், அடுத்தவரின் மானத்துக்கு லாபம் என்றாலும் மாற்றுங்கள். எனக்கு மட்டும்தான் லாபம் என்று தெரிந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும்.

கூட வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நாவல்னா நாலு பேருக்கு வழி காட்டணும் டீச்சர். கோழை டீச்சரைப் பத்திப் படிச்சு யாருக்கு என்ன லாபம்? வீரமான டீச்சரைப் பத்திப் படிச்சா இளம் ஆசிரியருங்க திருந்துவாங்க இல்லையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நானும் அப்படித்தான் நினைத்து எழுதினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், வீரமான டீச்சரைப் படிக்கும் ஒவ்வொரு ஆசிரியையும் "நானாக இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பேன்" என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுவாள். தாழ்வாரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடும் டீச்சரைப் படித்தால் ஒரு நிமிடம் தன் நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பாள். இது பழைய கதை என்றும் சொல்லிவிட முடியாது. 2023இல்கூட, தலித் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில ஊர்களில் பெற்றோர்கள் தடுத்த செய்தியைப் பேப்பரில் படித்தோம்.

தன் பக்கத்துத் தவறை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று பெரிய எழுத்தாளர்களிடமும் பார்க்கலாம். இமையம் நம்மைப் போலப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1994இல் வந்த அவருடைய முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்'. ஊரால் ஒதுக்கப்பட்ட மக்கள், தங்களுக்குத் துணி வெளுக்கும் ஒரு குடும்பத்தைத் தங்களுக்கும் கீழே வைத்து நடத்துவதை அதில் எழுதினார். அவர் எழுதியது தான் பிறந்து வளர்ந்த சனத்தைப் பற்றித்தான். ஊர்க்காரர்கள் செய்த கொடுமையை மட்டும் எழுதியிருந்தால் அவரை யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். நம்மவர்களையே குறை சொல்லலாமா என்ற விமர்சனத்தையும் தாங்கிக்கொண்டுதான் ஆரோக்கியம் என்ற அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னார். பிற்காலத்தில் வேறொரு நாவலுக்காக அவருக்கு சாகித்ய அகாடமி விருதும் கிடைத்தது.

இன்னொருவர் பாமா. நம் பக்கத்து உத்திரமேரூர்ப் பகுதியில் ஆசிரியையாக இருந்தவர். 1992இல் வந்த அவருடைய 'கருக்கு' புத்தகத்தைச் சிலர் தன்வரலாறு என்பார்கள், சிலர் நாவல் என்பார்கள். தெற்கே புதுப்பட்டியில் தலித் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியையாகி, கன்னியாஸ்திரீ மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதி இருப்பதைப் பார்த்து வெளியே வந்தவர். பனைமட்டையின் ஓரத்தில் ரம்பம் மாதிரி இருக்குமே, அதுதான் கருக்கு. செய்யூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கை வைத்தால் இரண்டு பக்கமும் கிழிக்கும். அந்தப் புத்தகம் வந்ததும் ஊரைக் கேவலப்படுத்திவிட்டதாக அவருடைய சொந்த ஊர்க்காரர்களுக்கே கோபம். ஏழு மாதம் அவரை ஊருக்குள் வர விடவில்லை. யாருக்காக எழுதினாரோ அவர்களே கோபித்துக்கொண்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதியவருக்கே அந்த நிலைமை என்றால், நடக்காத வீரத்தை எழுதி நான் கைதட்டல் வாங்க நினைத்தது எவ்வளவு சுலபமான காரியம் என்று வெட்கமாக இருந்தது.

பாமா மரத்தடியில் உட்கார்ந்த பிள்ளைகளின் பக்கத்திலிருந்து எழுதினார். நான் தாழ்வாரத்தின் பக்கம் இருந்தவள். அந்தப் பிள்ளைகளின் மனசுக்குள் புகுந்து நான் எழுத முடியாது, எழுதவும் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அதை அவர்கள் எழுதட்டும். தாழ்வாரத்தில் இருந்தவள் என்ன பார்த்தாள், எதைப் பார்க்காத மாதிரி இருந்தாள் என்று மட்டும் என்னால் எழுத முடியும். இந்த வேலையை எனக்காக வேறு யாரும் செய்ய முடியாது.

ஏழாவது அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். பழையது இருபது பக்கம், புதியது ஒன்பது பக்கம். வசனம் கிடையாது. ஒரு டீச்சர் சாப்பிடுகிறாள், வெளியே மழை பெய்கிறது, அவ்வளவுதான். எட்டாவது அத்தியாயத்தில் டீத் தூக்கு வருகிறது. மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கத்தில் அந்த டீச்சர் மனம் திருந்தி அழுதாள். நிஜத்தில் நான் அப்போது அழவில்லை. மாற்றல் கிடைத்ததும் சந்தோஷமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தேன். நாலாவது தடவை அப்படியே எழுதினேன். இப்போது அது நிற்கிறது.

திருத்திய நோட்டை அவளிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, "கடைக்காரர் பேரு தப்பா இருக்கு டீச்சர்" என்றாள். நான் கதைக்காக மாற்றியது என்றேன். "அப்ப சரி" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் மகள் டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

தம்பிக்கு மீதிப் பதில் இது. பழசைக் கிளறவில்லையடா. நான் பழசின் மேல் புதிதாகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். அதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். நாலு பேர் பேசினால் பேசட்டும். பேசுவது என்னைப் பற்றித்தான் இருக்கும், குடும்பத்தைப் பற்றி இருக்காது.

உங்கள் எல்லாரிடமும் இரண்டு வேண்டுகோள். ஒன்று, இதைப் படித்துவிட்டு "டீச்சருக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று யாரும் எழுதாதீர்கள். தப்பைச் செய்துவிட்டு, நாற்பது வருடம் கழித்து அதைச் சொன்னதற்கும் பாராட்டு வாங்குவது நன்றாக இருக்காது. இரண்டாவது, அந்த முதல் பள்ளியில் என்னிடம் படித்தவர்கள், முக்கியமாகப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தவர்கள், நான் மறந்துபோன வேறு ஏதாவது உங்களுக்கு ஞாபகம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி. உங்களைக் கேட்காமல் எதையும் நாவலில் சேர்க்க மாட்டேன். இன்னும் நாலு அத்தியாயம் பாக்கி இருக்கிறது. தைக்குள் முடித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

மதுராந்தகம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வந்து போங்கள். டீ நானே போட்டுத் தருகிறேன்.

எல்லாரும் நன்றாக இருங்கள்.

உங்கள் டீச்சர்